மோர் பாக்கெட் மேல் பாட்டு

ஒரகடத்தில் முதல் ஷிஃப்ட் முடிந்து கிளம்பிய கம்பெனி பஸ். வெயிலில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. என் முன் சீட்டில் எலக்ட்ரானிக் போர்டு செய்யும் ஒரே லைனில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள்.

"அந்த மோரைக் குடிச்சிடாதடி, பாட்டு கெட்டுடும்."

"இன்னாடி உளர்றே?"

"ஹெட்போனுக்கு நானே ஆம்ப்ளிஃபையர் செஞ்சேன். உள்ள பழைய ரேடியோவுல கழட்டுன ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். சூடானா கரகரங்கும். மோர் பாக்கெட் மேல வச்சா அருமையா பாடும்."

"நம்ம போர்டுல வர்ற சிலிக்கான் போட்டா சூடு தாங்குமே?"

"தாங்கும். ஆனா இந்தக் குரல் வராது. நீயே கேளு."

தோழி ஹெட்போனை மாட்டினாள். தலை தானாக ஆடியது. வல்லக்கோட்டையில் பஸ் நின்றது.

"உன் ஸ்டாப்புடி, இறங்கு!"

"அடுத்ததுல இறங்கி நடந்துக்கிறேன். மோர் இன்னும் சில்லுனுதான் கீது."