கெங்கம்மா வெங்காயம்

வெங்காயத்தக் கொல்லுன்னா எப்பிடிம்மா கொல்றது? நீயே சொல்லு. கோழியா அது, கழுத்தத் திருகறதுக்கு? கொஞ்சம் தள்ளிக் குந்தும்மா, பஸ்ஸு ஆடறதுல பை நசுங்குது... ம், இப்ப சரி.

ஆதிநாராயணன் சாருன்னு காலேஜு வாத்தியாரு. நல்ல மனுசன். மலையில நான் புடுங்கியாந்து குடுக்குற செடியெல்லாம் காய வைக்க, நியூஸ் பேப்பர்ல வச்சு, பலகையால அமுக்கிக் கட்டுவாரு. போன வருசம் எங்க வூட்ல ஒரு கட்டு வச்சுட்டுப் போனாரு. "கெங்கம்மா, தெனம் பேப்பர மாத்து. இந்த நரிவெங்காயத்த மட்டும் கொதிக்கிற தண்ணியில போட்டுக் கொன்னுட்டு அப்புறம் வை"ன்னாரு. அன்னிக்கு இன்னா நாளு? பொரட்டாசி சனிக்கிழம! பெருமாளுக்குத் தளிகை போடுற அடுப்புல கொலை பண்ணுவாங்களா? உசுரோடவே வச்சுக் கட்டிட்டேன்.

நாலாம் நாளு பேப்பர மாத்தப் பிரிச்சா... யம்மாடி! பேப்பரக் கிழிச்சிக்கினு மொளை வந்து நிக்குது! மண்ணு இல்ல, தண்ணி இல்ல, மேல ரெண்டு பாறாங்கல்லு வேற. இன்னா திமிரு பாரு அதுக்கு! பயந்துபோய் ஓடையில வீசிட்டேன். சாரு கேட்டா இன்னா சொல்றது? வூட்ல மொளச்சுக் கெடந்த கொழம்பு வெங்காயம் நாலு எடுத்து... அதுங்கள நல்லாவே கொன்னேன். தெனம் அறுக்கறதுதான, அது பாவத்துல சேராது. தழையோட அமுக்கி, சாரு பேரெழுதி வச்ச அதே சீட்ட ஒட்டிட்டேன். சாரு மழைக்குப் பயந்து கட்டப் பிரிக்காமலே தூக்கிக்கினு போய்ட்டாரு.

வெங்காயம் வெங்காயந்தானேன்னு நெனச்சேம்மா.

இப்ப சாருகிட்டேருந்து கடுதாசி வந்துகீது. கட்டுல இருந்தது நரிவெங்காயமே இல்லியாம், ஏதோ காட்டு வெங்காயமாம்; அந்த சாதி வடக்க, பனிமலைப் பக்கந்தான் மொளைக்குமாம். நம்ம ஜவ்வாது மலையில கெடச்சது அதுல புது வகையாம், அதிசயமாம்! நாளைக்கு மூணு பெரியவங்களோட ஜீப்புல வர்றாராம், மொளச்ச எடத்த நான் காட்டணுமாம். அதுக்கு எம்பேரையே வைக்கப் போறாராம். ரேஷன் கார்டுல என்ன ரங்கம்மான்னு எழுதி வச்சிருக்கான் பாவி. இப்பத்தான் ஒருத்தரு சரியா எழுதப் போறாரு... உண்மையச் சொன்னா எம்பேரும் போச்சு, அத்தினி பேரு முன்னால அந்த மனுசன் மூஞ்சியும் போச்சு.

அதான் கண்ணமங்கலத்துல மொளச்ச வெங்காயமாப் பாத்து மூணு கிலோ வாங்கிக்கினு வர்றேன். பொழுது சாயறதுக்குள்ள பாறை இடுக்குல நட்டுடணும். இன்னாம்மா, கண்ணக் கசக்குற? வெங்காய நெடியா? ...சிரிக்கிறியா நீ! ஏம்மா, சிரிச்சிக்கினே எங்க எறங்குற? உன் ஊரு இன்னும் மேலன்னியே! இரும்மா, ஒண்ணே ஒண்ணு... என் கைக்கு வரிசையாத்தான் நட வரும். வரிசையா நட்டா, காட்டு வெங்காயம்னு நம்புவாங்களா?