எண்பத்திரண்டு கிலோ

வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவதற்கு முதலில் வேண்டியது நல்ல மின்விசிறி. இதை யாரும் சொல்வதில்லை. ரோட்டில் காற்று தானாக வரும். அறைக்குள் வராது. அறுபதைத் தாண்டியவனுக்குப் பத்தே நிமிடத்தில் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும். அதனால்தான் மோனிகா, உங்கள் திருப்பதி வீட்டில் உன் நைனாவுக்கு எல்லாம் பொருத்திக் கொடுத்தபோது, கடையில் இருப்பதிலேயே பெரிய விசிறியாக வாங்கச் சொன்னேன். அது போடும் சத்தத்தில் காது அடைத்துப்போகிறது என்று உன் அம்மா இந்திராணிகூடக் குறைப்பட்டுக்கொண்டாள்.

நேற்று போனில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "பெரியப்பா, பல்ஸ் நூத்தி இருபது தாண்டினா அந்த மிஷின் கத்தணும்ல? அன்னைக்கி ஏன் கத்தல?" நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் முன்னே பின்னே ஆகிவிடும் என்று எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரியில் எடைமேடையில் உட்கார்ந்தவன் நான். டிராக்டர் காயோடு உள்ளே போகும்போது ஓர் எடை, இறக்கிவிட்டு வெளியே வரும்போது ஓர் எடை. உள்ளே போகும்போது வண்டியில் நாலு ஆள் உட்கார்ந்திருப்பான், வெளியே வரும்போது ஒருத்தனும் இருக்க மாட்டான். காய்க்கு அடியில் நனைத்த சாக்கு இருக்கும். இந்த வேலையெல்லாம் என்னிடம் பலிக்காது. கங்கையா போட்ட சீட்டு என்றால் முதலாளியும் வாய் திறக்க மாட்டார், விவசாயியும் வாய் திறக்க மாட்டான். உன் நைனா அங்கேதான் பாய்லர் பார்த்தான். நாகபூஷணம் என்ற முழுப்பெயரைச் சம்பள ரசீதில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அவன் பூஷணம்.

ஞாயிற்றுக்கிழமை காணிப்பாக்கம் வரை ஓட்டுவோம். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை திருப்பதிக்கு, சந்திரகிரி வழியாக, எழுபது கிலோமீட்டர். பத்தொன்பது வருடம் ஒரு வருடம்கூட விட்டதில்லை. அவன் கனத்த உடம்புக்காரன், மேடு வந்தால் பின்தங்கிவிடுவான். நான் மேலே போய் வண்டியை நிறுத்தி, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். மூச்சிரைக்க வந்து, "ரொம்ப நேரமா நின்னுகினு இருக்கியாண்ணா?" என்பான். இப்போதுதான் வந்தேன் என்பேன். கால்மணி நேரம் ஆகியிருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

அவனுக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்த பிறகு, ரோட்டில் ஓட்டவே கூடாது, வீட்டுக்குள் மெதுவாக ஓட்டலாம், துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்று என் வீட்டுக்கு வந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "நான் வூட்ல குந்திகினு இருக்க, நீ மட்டும் ரோட்ல போனா என்னால தாங்க முடியாதுண்ணா." அன்று சாயங்காலமே என் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். பழைய வேட்டியில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். அதன்பிறகு நான் ரோட்டில் ஓட்டவில்லை. எனக்கு எந்த டாக்டரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

நீங்கள் திருப்பதிக்குக் குடிபோனதும், வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தியபடியே ஓட்டுகிற டிரெய்னர் இரண்டு நீ மனசு நிறைந்து வாங்கினாய், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. உங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கி நான்தான் பொருத்தினேன். பின்சக்கரம் இருந்த இடத்தில் அந்த இரும்பு ஸ்டாண்டை மாட்டி, அதன் பல்சக்கரத்தில் செயினைப் போட்டு, எதிரே டேப்லெட்டை வைத்தேன். திரையில் மேடு வந்தால் மிதி தானாகக் கனக்கும். குனிய முடியாத முதுகுக்காக ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை உயர்த்தினேன். கால் தூக்கி ஏற ஒரு முக்காலி போட்டேன். மார்பில் கட்டும் பட்டையை இணைத்து, நூற்றிருபதில் மணி அடிக்கும்படி வைத்தேன். கடைசியில் டேப்லெட் எடை கேட்டது. திரைக்குள் ஓட்டுகிற பொம்மை, நாம் கொடுக்கிற எடைக்குத் தகுந்தபடிதான் மேடு ஏறும்; எடை குறைந்தால் சுலபமாக ஏறும், கூடினால் திணறும். உங்கள் குளியலறைத் தராசில் அவனை ஏற்றி நிறுத்தினேன். எண்பத்திரண்டு. என் கையால் அடித்தேன். எனக்கு எழுபது. அவனுக்கு மறதி என்பதால் இரண்டு பேருடைய பாஸ்வேர்டையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் சித்தூரிலிருந்தும் அவன் திருப்பதியிலிருந்தும் திரையில் ஒரே ரோட்டில் ஓட்டினோம், டேப்லெட் வழியாகப் பேசிக்கொண்டே ஓட்டினோம். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

நாலைந்து மாதத்தில் மேட்டில் அவன் என்னை முந்த ஆரம்பித்தான். முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு பெங்களூரில் இருக்கிற பாலசுந்தரம் என்பவருடைய கோஷ்டியில் சேர்ந்தான்; அவர்களும் எங்களைப் போலத் திரையில் ஓட்டுகிறவர்கள்தான். "நீ மெதுவா வந்துகினு இருண்ணா, நாங்க முன்னால போயிக்கினு இருக்கோம்" என்றான். வாராவாரம் அதையே சொன்னான். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை திரையிலேயே எழுபது கிலோமீட்டர் சேர்ந்து ஓட்டுவதாகப் பேச்சு. முதல் மேட்டிலேயே என்னை விட்டுவிட்டு அந்தக் கோஷ்டியோடு போனான். நான் தனியாக ஓட்டி முடித்துவிட்டு போன் செய்தபோது அவன் குளித்து, சாப்பிட்டு, படுத்திருந்தான். "முடிச்சிட்டியா? பரவாயில்லையே" என்றான். அன்று பீரோவுக்குப் பின்னால் இருந்த சக்கரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அறுபத்தாறு வயதில் அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை.

அடுத்த வாரம், டேப்லெட்டில் சத்தம் சரியாக வரவில்லை, பார் என்று அவனே சொன்னான். இங்கிருந்தே அவன் கணக்கைத் திறந்தேன். எடை என்ற இடத்தில் ஐம்பத்தொன்பது என்று இருந்தது. நான் போட்ட எண்பத்திரண்டை அழித்திருந்தான். ஒன்றும் தெரியாதவன் மாதிரி, இப்போது எடை எவ்வளவு இருக்கிறாய் என்று விசாரித்தேன். "அதே எம்பத்திரெண்டுதாண்ணா, கொறையவே மாட்டேங்குது" என்று சிரித்தான். ஊருக்கெல்லாம் எடை போட்டவன் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறான். இவனுக்காகத்தான் நான் ரோட்டை விட்டேன்.

அதனால் எடையைச் சரிசெய்தேன். ஐம்பத்தொன்பதை அழித்து எண்பத்திரண்டு போட்டேன், அவ்வளவுதான். சரியான எடையைப் போடுவது எப்படிக் குற்றமாகும் என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை. மணியையும் நிறுத்தினேன். அந்த எடையோடு மேடு ஏறினால் மணி ஓயாமல் அடிக்கும், அவன் இறங்கிவிடுவான், விஷயம் பாதியில் நின்றுவிடும். உன் கேள்விக்குப் பதில் இதுதான். மிஷின் மேல் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நீயும் உன் அம்மாவும் காய்கறி வாங்க ரைத்து பஜாருக்குப் போனால் ஏழரைக்குத்தான் திரும்புவீர்கள். எனக்குத் தெரியும். அன்று கோஷ்டி ஒரு பெரிய மலையை எடுத்திருந்தது. மேடு ஆரம்பித்ததும் அவர்கள் போய்விட்டார்கள். பூஷணம் பின்தங்கினான், நான் அவனுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தேன். "என்னவோ இன்னைக்கி காலே வரமாட்டேங்குதுண்ணா" என்றான்.

"வயசாயிடுச்சிடா. நீ மெதுவா வந்துகினு இரு" என்றேன்.

அந்தப் பேச்சை அவன் தாங்க மாட்டான். அதுவும் எனக்குத் தெரியும். திரையில் அவன் பெயரைத் தொட்டால் அவனுடைய துடிப்பு எனக்குத் தெரியும். நூற்றிருபத்தெட்டு. நூற்று நாற்பத்தொன்று. கொஞ்ச நேரம் கழித்து, "மூச்சு வாங்குது. ஆனா மிஷின் கத்தலண்ணா, அப்போ சரியாத்தான் போயிக்கினு இருக்கேன்" என்றான்.

"ஆமாண்டா, வா" என்றேன். அப்போது நூற்று அறுபத்து மூன்று.

நான் மேலே போய் நின்றேன். நூற்று எழுபத்து நான்கு வரை பார்த்தேன். பிறகு எண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள் வந்தன. அவனுடைய பொம்மை ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றது. இரண்டு முறை கூப்பிட்டேன். அந்தப் பக்கமிருந்து விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மணி ஆறு நாற்பது. உன் நம்பர் போனில் முதலாவதாக இருந்தது. நான் கூப்பிடவில்லை. துண்டை எடுத்து முகம் துடைத்தேன், டீ போட்டுக் குடித்தேன். ஏழே முக்காலுக்கு நீதான் கூப்பிட்டாய்.

பத்தாம் நாள் காரியத்தின்போது உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொன்னாள். "எடையைக் கொறைச்சிப் போட்டாத்தான் பல்ஸ் ஏறாம எல்லாரோடயும் போவ முடியுது, அண்ணனுக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னு சொல்லிகினே இருந்தாரு." இருக்கலாம். என்னிடம் சொல்லியிருந்தால் நான் திட்டியிருக்க மாட்டேன். அந்த இரவு மட்டும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இருந்தாலும் தப்பான எடை தப்பான எடைதான்.

இந்தக் காகிதத்தை நீ போலீசிடம் கொடுக்கலாம். கேட்டால் இதையேதான் சொல்வேன். வேண்டுமென்றே செய்தேன், என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன்.

நீ கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். முந்தின நாள் ராத்திரி அவன் எடையைத் திருத்திய கையோடு என்னுடையதையும் திறந்து, எழுபதை அழித்து ஐம்பது என்று போட்டேன். எண்பத்திரண்டு கிலோவோடும் அவன் என்னை முந்திவிடுவானோ என்று பயமாக இருந்தது. இதைப் பொய் எடை என்று நீ நினைக்கக் கூடாது மோனிகா. ஒருத்தன் முன்னாலேயே மேலே போய் நின்றால்தானே இன்னொருத்தனுக்காகக் காத்திருக்க முடியும்?