உப்பளம் கிரவுண்டில் ஒரு பெனால்ட்டி

— போஸ்ட்டுக்கு மேல பனமரம் ஒசரத்துக்கு அடிச்சியேடா சக்கரபாணி! பெனால்ட்டிடா அது!

— கத்தாத அர்னோ. கால் வழுக்கிடுச்சு.

— வழுக்குச்சாம்! சீசன் பூரா தோத்தோம். கடைசி மேட்ச்சு, இன்னிக்குத்தான் ஒரு பால கூட உள்ள விடாம நின்னேன். நீ அத மட்டும் போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம். இப்ப வெறும் டிரா.

— உனக்கென்னடா நஷ்டம்? ஜெயிச்சாத்தான பிரான்ஸ் பட்டாளத்துக்குப் போறதா பேச்சு? ஜெயிக்கல. நிம்மதியா முத்தியால்பேட்டைக்கு வா, பரோட்டா வாங்கித் தரேன்.

— நோன், இல்லடா, உனக்குப் புரியல. பதினாலு ஜூலை, பிரான்ஸ் கொடி ஏத்துற அன்னிக்கு பப்பா மெடலெல்லாம் குத்திக்கிட்டு, கூட பட்டாளத்துல இருந்த அத்தினி ரிட்டயர்டு சொல்தா முன்னாடி சொல்லிட்டாரு. பையன் டீமு ஒரு மேட்ச் ஜெயிக்கட்டும், மறுநாளே பட்டாளத்துல சேருவான்னு.

— அந்த கண்டிஷன போட்டதே நீதான?

— நான்தான். நம்ம டீமு எங்க ஜெயிக்கப் போவுதுன்ற தைரியம்.

— அடப்பாவி! கேப்டன் மூஞ்சிக்கு நேராவே சொல்ற பாரு.

— தாத்தா பட்டாளத்துக்குப் போனாரு, பப்பா போனாரு. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சா, "என்னா, உம் பையன் டீமு இந்த வாரமும் ஊத்திக்கிச்சா?"ன்னு அவர சுத்தி நின்னு சிரிக்கிறாங்க. வீட்டுக்கு வந்து பேசாம படுத்துக்குறாரு. தாங்கலடா. அதான், ஜெயிச்சுட்டு போய்த் தொலைவோம்னு நின்னேன்.

— போவணும்னு ஆசையா உனக்கு?

— சுத்தமா இல்ல. பயமா இருக்குது. அது வேற.

— சரி வா, கெளம்பலாம்.

— அங்க கேலரிய பாரு. எல்லாரும் போயாச்சு, பப்பா மட்டும் மூஞ்சிய மூடிக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் எப்படிறா கிட்ட போவேன்? எல்லாம் உன்னாலதான்.

— திட்டு, நல்லா திட்டு. எனக்கும் இது கடைசி வருஷம். ஒரே ஒரு தடவ ஜெயிச்ச கேப்டன்னு பேரு வாங்கணும்னு எனக்கு மட்டும் இருக்காதா?

— அப்ப ஏன்டா அப்படி அடிச்ச?

— ஆஃப் டைம்ல உங்கப்பா எல்லாருக்கும் குளுக்கோஸ் கலந்து எடுத்தாந்தாரே?

— ஆமா, அதுக்கென்ன?

— என் கைய புடிச்சவரு விடவே இல்ல. "ஊரு முன்னாடி வார்த்தைய விட்டுட்டேன் பாணி, அவன போவாதன்னு என் வாயால சொல்ல முடியாது. நீ கோல் போட்டுடாதடா"ன்னாரு.