பட்டியலில் முதல் பெயர்

கடிதம் மடிப்பதில் நான் கொஞ்சம் கறார். மூன்றாக மடித்தால் மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். உங்கள் மேசைமேல் இருக்கிற மூன்று உறைகளையும் பிரித்துப் பாருங்கள், ஐயா. மடிப்பைப் பார்த்தாலே என் கை என்று தெரிந்துவிடும். நான் எதையும் மறுக்கப்போவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல விடுங்கள், அது போதும். நடுவில் கேள்வி கேட்டால் எனக்குக் கோர்வை போய்விடும்.

நான் வேலை பார்ப்பது ஒரு நில அறக்கட்டளையில். நிலம் என்றைக்கும் அறக்கட்டளையின் பெயரில் பொதுவாக இருக்கும். அதன்மேல் கட்டிய வீடு மட்டும், ஏழைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற விலையில் போகும். பிள்ளை, பேரன் காலம்வரை இருக்கலாம். காலி செய்தால் அதே மாதிரி இன்னொரு குடும்பத்துக்குத்தான் விட வேண்டும். கொள்ளை லாபத்துக்கு விற்க முடியாது. அருமையான ஏற்பாடு. நம்பித்தான் சேர்ந்தேன், இன்றும் நம்புகிறேன்.

நம்பிக்கையைக் கெடுப்பது குழுக் கூட்டங்கள்தான். இந்த வருடம் ஆறு வீடு என்றார்கள். சுற்றுச்சுவருக்கு என்ன நிறம் என்று மூன்று கூட்டம் பேசினார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு இரும்பு மூடியா பிளாஸ்டிக் மூடியா என்று ஒரு மாலை முழுக்க ஓடியது. பேசியதையெல்லாம் எழுதிக்கொண்டு நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். கடைசியில் கட்டி முடிந்தது ஒரே ஒரு வீடு. அடுத்ததற்கு இரண்டு வருடமாவது ஆகும் என்று தலைவர் ஆற அமரச் சொன்னார். அவருக்கென்ன, சொந்த வீட்டுக்காரர்.

காத்திருப்போர் பட்டியல் என் பொறுப்பு. அதில் முதல் பெயர் இஸ்திரிக்காரர். இரண்டாவது பெயர் என் அக்கா.

அத்தான் விட்டுவிட்டுப் போனதும் அக்கா இரண்டு பெண் பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்தாள். பத்து நாள் என்றுதான் பேச்சு. ஆறு வருடம் ஆகிவிட்டது. என் வீட்டில் இருப்பதே ஒரு முன்னறையும் ஒரு படுக்கையறையும்தான். முன்னறையில் அவர்கள் மூவர். வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்ற இடம் தேட வேண்டும். அக்கா எதையும் கேட்டதில்லை, பிள்ளைகளும் வாய்விட்டுப் படித்ததில்லை. நான் உள்ளே நுழைந்ததும் மூன்று பேரும் சுவரோடு ஒண்டிக்கொள்வார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் மனைவி மட்டும் பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள்.

ஆனாலும் பட்டியலில் நான் கை வைக்கவில்லை. அக்காவை ஒரு படிகூட மேலே தள்ளவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் விதி இது. வீடு தயாரானதும் முதல் பெயருக்குப் பதிவுத் தபால் போக வேண்டும். பதினைந்து நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம், அதற்கும் இல்லையென்றால் மூன்றாவது. பிறகு அந்தப் பெயரை நீக்கிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். வாய்ப்பேச்சும் தொலைபேசியும் செல்லாது. போனில் சொன்னீர்களே என்று முன்பு ஒரு குடும்பம் வந்து ரகளை செய்ததால் குழு போட்ட விதி, நான் போட்டதல்ல.

முதல் கடிதத்தை எழுதினேன். பெயர், முகவரி, தேதி எல்லாம் சரியாக இருந்தன. அனுப்பியதாகப் பதிவேட்டில் ஏற்றினேன். மடித்து ஒட்டி, மேசை இழுப்பறையில் வைத்தேன். அன்று நல்ல மழை, தபால் நிலையம் மூடுகிற நேரம் வேறு. நாளைக்குப் போடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அதையேதான் நினைத்தேன். பதினைந்து நாள் கழித்து இரண்டாவது கடிதமும் அதே இழுப்பறைக்குப் போனது. அன்று மழை இல்லை.

இஸ்திரிக்காரர் செவ்வாய்க்கிழமைதோறும் வந்துவிடுவார். மெத்தைக் கிடங்குக்குப் பின்னால் மனைவி பிள்ளைகளோடு ஒற்றை அறையில் குடியிருந்தார்; ஒரு கதவு, ஜன்னல் கிடையாது.

"வீடு முடிஞ்சிடுச்சுன்னு சொல்றாங்களே சார். எங்களுக்குத்தானே?"

"லெட்டர் வரும். வந்ததும் பதில் எழுதிக் குடுங்க. நான் வாயால சொன்னா செல்லாது."

"அவசரப்படுத்தல சார். சின்னவளுக்கு அந்த ரூம்ல மூச்சு இழுக்குது. ஒரு ஜன்னல் இருந்தாப் போதும்னு இருக்கு."

"பதிவுத் தபால், கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுப்பாங்க. பூட்டிக் கெடந்தா திரும்பிடும். யாராவது எப்பவும் வீட்டுல இருங்க. சர்டிபிகேட்டெல்லாம் ஒரே பையில போட்டுப் பத்திரமா வைங்க. அது தொலைஞ்சா வீடு கெடைக்காது."

இது பொதுவாக எல்லோருக்கும் சொல்கிற நல்ல யோசனைதான். வாரா வாரம் வந்து அவர் என் உயிரை வாங்கக் கூடாது என்பதற்காகவும் சொன்னேன், அதை மறைக்கவில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த செவ்வாயும் வந்தார்.

"அவ தையல் கம்பெனி வேலைய விட்டுட்டா சார். நாள் பூரா வாசல்லயேதான் உக்காந்திருக்கா. இனிமே லெட்டர் தப்பாது."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் பார்க்கிறீர்கள். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அன்று காலையில் என் வீட்டுக் குளியலறைக்கு நான் தோளில் துண்டோடு நாற்பது நிமிடம் காத்து நின்றிருந்தேன், ஐயா. இன்னும் இரண்டு வருடம் என்ற நினைப்பு வந்தது. சரி, போய் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது கடிதத்தின் தேதியிலிருந்து பன்னிரண்டாம் நாள், காலை பதினொரு மணிக்குக் கிடங்கில் தீப்பிடித்தது. அவர் வண்டியோடு அடுத்த தெருவில் இருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்த அம்மா மட்டும் வீட்டில். புகையைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். யாரோ குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்றவள், "ஐயோ, பை உள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போயிருக்கிறாள். பையை அவள் கையிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை என்று கேள்விப்பட்டேன்.

எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மூன்று நாளில் மூன்றாவது கடிதத்துக்குரிய தேதி வந்துவிட்டது. அதை மட்டும் நான் தபாலில் சேர்த்தேன். நானே போய் வரிசையில் நின்று ரசீது வாங்கினேன். எரிந்துபோன அந்த முகவரிக்குத்தான் அனுப்பினேன். பட்டியலில் இருக்கிற முகவரி அதுதானே. 'ஆள் இல்லை' என்று எழுதி நான்காம் நாள் திரும்பி வந்தது. கோப்பு முழுமையாகிவிட்டது. குழுவில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆள் எங்கே போனாரோ, விதிப்படி செய்துவிடுங்கள் என்றார் தலைவர். சுற்றுச்சுவர் நிறத்துக்கு மூன்று கூட்டம், இதற்கு மூன்று நிமிடம்.

அக்கா கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வந்தாள். சாவியை அவள் கையில் கொடுத்தேன். பிள்ளைகளுக்குத் தனி அறை இருக்கு, ஜன்னல் இருக்கு என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. திரும்பி வந்த உறை மேசைமேல் கிடந்தது. அதை எடுத்து முத்திரைத் தேதியைப் படித்தாள். தீ விபத்து ஊருக்கே தெரிந்த சேதி.

"இது தீப்பிடிச்சதுக்கு அப்புறம் போட்டதுதானே?"

"விதிப்படி போட்டதுதான்கா. மூணாவது லெட்டர்."

"அப்ப மொத ரெண்டு எங்கடா?"

அக்காவிடம் எனக்குப் பொய் சொல்ல வராது. இழுப்பறையைத் திறந்து காட்டினேன். அவள் அந்த இரண்டு உறைகளையும் வெளியே எடுத்து மூன்றாவதன் பக்கத்தில் வைத்தாள்.

"உனக்காகத்தான்கா செஞ்சேன்."

"என் பேரை இதுல இழுக்காதே. நாங்க போனா உனக்கு உன் ரூம் கெடைக்கும். அதைச் சொல்லு."

சாவியை மேசைமேல் வைத்தாள். மூன்று உறைகளையும் எடுத்துக்கொண்டு போனாள். உங்களிடம்தான் கொண்டுவருகிறாள் என்று எனக்கு அப்போதே தெரியும், தடுக்கவில்லை. அன்று மாலையே பிள்ளைகளையும் துணிமணிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று தெரியாது. கோபம் தணிந்தால் அவளே வந்துவிடுவாள் என்று நான் தேடிப் போகவில்லை. இன்று காலை உங்கள் காவலர் என்னை அழைக்க வந்தபோது, முன்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவனோடு எந்த நிறம் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

ஆக, கடிதங்களை எழுதியது நான். இரண்டை அனுப்பாமல் வைத்துக்கொண்டதும் நான். அந்த அம்மாவை வாசலில் உட்கார வைத்ததும், பையைப் பத்திரமாக வைக்கச் சொன்னதும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அக்காவுக்காகத்தான் செய்தேன் என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.