மனையியல் கொட்டகை

என் மாணவி தேவகிக்குக் கூட்டுக் கணக்கு கொடுங்கள் என்று கேட்டேன், அவ்வளவுதான். பெண்பிள்ளைகளுக்காக அதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லி வைத்திருந்தார்கள். விசாரிக்க வந்திருக்கிற உங்களுக்குத் தெரியாததா? ஒன்பதாவதில் கூட்டுக் கணக்கு, அதாவது அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் சேர்ந்த காம்போசிட் மேத்ஸ், எடுத்தால்தான் பின்னால் காலேஜில் சயன்ஸ். அது பையன்களுக்கு. பெண்களுக்குப் பொதுக் கணக்கும் மனையியலும்.

ஹெட்மாஸ்டர் வரதராஜன் கோபப்படவே மாட்டார். "என்னாம்மா வள்ளிநாயகி, தோசைய வட்டமா ஊத்தறதுக்கு ஆரம் தெரியணுமா?" என்றார். ஆசிரியர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மையார்குப்பத்துத் தறிக்காரத் தெருவில் முதல் பி.எஸ்ஸி. நான். எங்கே சிரிக்க வேண்டும் என்று படித்துத்தான் வந்திருக்கிறேன்.

தேவகியும் அதே தெரு. "நைனா ஒத்துக்கினாரு டீச்சர். ஹெட்மாஸ்டர்தான் பாக்கி" என்றாள். நீயே போய்க் கேள் என்று அனுப்பினேன். கேட்டாள். அப்போதும் அவர் கோபப்படவில்லை. ஆடிக் கிருத்திகை லீவில் வந்து மனையியல் பாத்திரம் பூராவும் தேய்த்து வைக்கச் சொன்னார். "கைக்கு வேலை இருந்தா புத்தி அலையாது."

இந்தப் பள்ளியில் ஒரு பாடம் ஒழிய வேண்டுமானால் அதன் அறை ஒழிய வேண்டும். போன ஐப்பசி மழையில் பாட்டு வகுப்புச் சுவர் விழுந்தது. அறை இல்லை, அதனால் பாடம் இல்லை என்று அந்தப் பிள்ளைகளை அவரே வேறு பாடத்தில் உட்கார வைத்தார். மனையியலுக்கு இருந்தது ஓலைக் கொட்டகை.

கிருத்திகை அன்று ஊரே காவடியோடு மலைமேல். கீழே நல்ல ஆடிக் காற்று. மண்ணெண்ணெயை ஊற்றும்போது உள்ளே சாம்பல் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. எலி என்று எடுத்துக்கொண்டேன். பிறகு சத்தம் நின்று, "யாரு, டீச்சரா?" என்று கேட்டது. அதற்குள் குச்சியைக் கிழித்திருந்தேன். கிழித்த குச்சியை வீணாக்குவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

தேவகி பிழைத்துக்கொண்டாள். கைகள்தான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன என்கிறார்கள். அவளே அடுப்பைக் கவிழ்த்துக்கொண்டாள் என்று ஹெட்மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கிறார். அந்தப் பொய்யைப் பொறுக்க முடியாமல்தான் சொல்கிறேன். கொளுத்தியது நான்.

ஆனால் போய்ப் பாருங்கள். ஒன்பதாவது பெண்கள் எல்லோரும் இப்போது கூட்டுக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். மனையியல் இல்லை. இத்தனை வருஷமாக மனுப் போட்டு யாராவது இதைச் சாதித்தார்களா? தேவகியை இனி எவனும் தோசை ஊற்றச் சொல்ல முடியாது. அதை யார் செய்து கொடுத்தது?

போலீசுக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் இருப்பேன். இன்றைக்கு அவளுக்கு முதல் பாடம் என்று நேற்றே முடிவு செய்துவிட்டேன். புது ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கியிருக்கிறேன். காம்பஸை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நேரமாகிறது, வருகிறேன்.