பெட்டிக்குள் ஒரு கடல்: மெய்யா? நிகரா?

அக்காள்மடத்து மண்ணில் கணினி நிலையம் திறக்கும் இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் அண்ணன் சிலுவைமுத்து அவர்களே! நிலையத்தின் உரிமையாளர் அருமைத் தம்பி அப்துல் அஜீஸ் அவர்களே! வலைக்கும் உலைக்கும் நடுவே வாழ்ந்து காட்டும் பெரியோர்களே! கடலில் குதித்துக் குடும்பத்தைக் கரையேற்றும் தாய்மார்களே! திருவாடானைப் பக்கத்து மிளகாய் விவசாயி குருநாதன் உங்கள் அனைவரையும் கரம் குவித்து, சிரம் தாழ்த்தி வணங்குகிறேன்.

வணங்கிவிட்டேன். இனி என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. சிரிக்காதீர்கள்! முப்பது ஆண்டுகளாக மேடை ஏறுகிறேன். இப்படி ஒரு நாளும் முழித்ததில்லை.

தம்பி அஜீஸ் போன் போட்டு, "அண்ணே, புதுசா ஒரு விளையாட்டு வந்திருக்கு, நீங்கதான் தொடங்கி வைக்கணும்" என்றார். கபடி என்று நினைத்தேன். வீரம் விளைந்த மண், விளையாட்டு வளர்த்த மண் என்று நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். வந்தவனை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணில் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டி, கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தேன். தலைக்கு மேலே தண்ணீர்! காலுக்குக் கீழே பாதாளம்! வலப்பக்கம் திரும்பினால் சுறா வருகிறது. இரண்டு காலையும் நாற்காலிக்கு மேலே தூக்கிக்கொண்டு, "கயித்தப் போடுங்கப்பா!" என்று கத்திவிட்டேன். யார் அங்கே பலமாகச் சிரிப்பது? நீங்கள் சிரிப்பீர்கள் அய்யா, உங்களுக்கு நீந்தத் தெரியும்!

அலையில்லாத ஆழி! ஈரமில்லாத நீர்! இதற்குத் தமிழில் மெய்நிகர் என்று பெயராம். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. என் உடம்பு நாற்காலியில் இருந்தது, உண்மை. என் உயிர் சுறாவின் வாயில் இருந்தது, அதுவும் உண்மை. அப்படியானால் இது மெய்யா? நிகரா? நான் கடலுக்குள் போனேனா, போகவில்லையா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அது போகட்டும். இனிச் சொல்வது சிரிக்கும் சங்கதி அல்ல.

முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாரே யாகப்பம்மாள், இருபத்தைந்து ஆண்டுகளாகக் கடலுக்குள் முங்கிப் பாசி பறிப்பவர். முங்கி முங்கி இடது காதின் சவ்வு கிழிந்துவிட்டது. இனியும் முங்கினால் மிச்சமிருக்கும் காதும் போய்விடும் என்று இராமநாதபுரத்தில் டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் வரும் திங்கட்கிழமைப் போட்டில் ஏற இவர் பெயர் கொடுத்திருக்கிறார். இதே நிலையத்தில் வேலை பார்க்கும் இவர் மகள், இன்று மதியம் என் கையைப் பிடித்துக்கொண்டது. "அய்யா, கரையில பாசி காயவைக்கிற வேலை இருக்கு. அம்மா கேக்க மாட்டேங்குது. கடலுக்குள்ள போகாம இருக்க முடியாதுங்குது. அதான் இந்த விளையாட்டக் காட்டப் போறேன். நீங்களும் மேடையில சொல்லுங்கய்யா" என்று அழுதது.

காட்டினோம். கண்ணாடியை மாட்டினார். குனிந்தார். கையை நீட்டித் துழாவினார். ஒரு நிமிடம் ஆயிற்று. பேச்சில்லை, அசைவில்லை. உதடு இறுகுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்! மகள் பாய்ந்து கண்ணாடியைப் பிடுங்கியது.

"ஏண்டி எடுத்த? இன்னும் மூச்சு இருந்துச்சுல்ல!" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "இத்தன வருசமா முங்குறேன், ஒரு மீனையும் நின்னு பாத்ததில்லய்யா. இருக்குற மூச்சு பாசி பறிக்கவே சரியாப் போயிரும். இங்கனயும் ஒரு மூச்சுதான பாக்க முடிஞ்சது. திங்கக்கிழம போயி நெசக் கடல்லயே பாத்துக்கிறேன்" என்றார்.

சொல்லுங்கள் அவையோரே! தடுக்க வந்த கண்ணாடி தள்ளிவிடுகிறதே, நான் இதை வாழ்த்துவதா, வைவதா?

ஆகவே மேடையிலிருந்தே மன்றாடுகிறேன். தாயே! உப்புக் கடலை உழுது உழுது ஊரை உயர்த்திய உத்தமியே! செவியைக் கொடுத்துச் சிறுவயிறு காத்த செல்வியே! போதும் தாயே, போக வேண்டாம்! என்ன சொல்கிறீர்கள்? கொஞ்சம் அமைதி, அம்மா ஏதோ சொல்கிறார்.

"அய்யா, மைக்குக் கொழாய் எனக்குச் செவிட்டுக் காதுப் பக்கம் கட்டியிருக்கு. இரையிறது கேக்குது, பேச்சு வெளங்கல."

கெட்டது கதை! இவ்வளவு நேரம் நான் யாரிடம் பேசினேன்? தம்பி, மைக் வயரை இழுத்து விடு. இதோ இறங்கி வருகிறேன். வலது காதுப் பக்கம் வந்துவிட்டேன். அலங்காரம் எல்லாம் கிடக்கட்டும். தாயி, அந்தக் கண்ணாடியப் போட்டா மூச்சப் பிடிக்க வேண்டாம். மூச்சு விடலாம்.

"மூச்சு விடலாமா? தண்ணிக்குள்ளயா?"

விடலாம் தாயி. எம்புட்டு நேரம் வேணும்னாலும் உள்ள இருந்து பாக்கலாம்.

கேட்டீர்களா? கையை நீட்டுகிறார். மகளே, ஓடிப்போய்க் கம்ப்யூட்டரை வாசலுக்குக் கொண்டுவா! மாட்டு. சத்தம் வேண்டாம். குனிகிறார். உதடு இறுகுகிறது. அய்யோ, மறுபடியும் பிடிக்கிறாரே! விடுங்க தாயி, மூச்சு விடுங்க! பாருங்கள், தோள் இறங்குகிறது. ஏறுகிறது. இறங்குகிறது. மூச்சு விடுகிறார், என் மக்களே, கடலுக்குள் மூச்சு விடுகிறார்!

என்ன தாயி?

"ஏடி, திங்கக்கிழமப் போட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிரு. இங்கன ஒரு மீன் நிக்கிது, என்னையவே பாக்குது."

தொடங்கி வைக்க வந்தவன் நான். தொடங்கி வைத்தவர் இவர். இது மெய்யா, நிகரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அது தெரிந்தவர்கள் சொல்லட்டும். இவ்வளவு பொறுமையாய் இருந்த உங்களுக்கு என் நன்றி. கை தட்டாதீர்கள், அம்மா உள்ளே இருக்கிறார். மெல்ல எழுந்து, மெல்ல வீடு போய்ச் சேருங்கள். எல்லோருக்கும் என் வணக்கம்.