எட்டாவது ஜன்னல்

...இல்ல மாஸ்டர், அரை மணி நேரம்னு சொன்னீங்க, இப்ப ஒரு மணி நேரம் தாண்டியாச்சு. ஒரே ஒரு பக்கத்துக்கு ஃபிரேம். நாலு கட்டை, ஒரு கண்ணாடி. அதுக்கு இந்த ஸ்டூல்ல உக்காந்து என் இடுப்பே கழண்டுடும் போலருக்கு. கையில இருக்கறத முடிச்சுட்டுத்தான்னு பிடிவாதம் பிடிக்கிறீங்களே, படத்து மேல வெக்கற மவுண்ட் அட்டைதானே, என்னதான் அது? இவ்ளோ பெரிய அட்டையில சின்னச் சின்ன ஜன்னலா வெட்டிட்டே இருக்கீங்க! குடும்ப போட்டோவா? ஆளுக்கொரு ஓட்டையா? எந்தக் கிறுக்கு குடுத்த ஆர்டரோ... சரி சரி, வெட்டுங்க. பேச்சு குடுத்தா கை தவறும்னு பாக்கறீங்க. நான் பேசறேன், நீங்க வெட்டுங்க.

எங்க விட்டேன்? ஆங், கையுறை. பேரு எதுக்கு, நாங்க அந்தாள கையுறைன்னுதான் சொல்லுவோம். சேகரிப்பாளராம்! என்ன சேகரிக்கிறாரு? என் மாதிரி காமிக்ஸ் வரையறவன் வீட்டுக்கு வந்து, வெள்ளைக் கையுறை மாட்டிட்டு, ஒரிஜினல் பக்கத்த ரெண்டு விரலால தூக்கி, மோந்து பாப்பாரு மாஸ்டர். மோந்து! வெள்ளை மை பூசித் திருத்தின எடத்த வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சுப் பாத்துட்டு "ஆஹா"ம்பாரு. அடேய், அது நான் மூக்க தப்பா போட்ட எடம்! அதுக்கு எதுக்குடா ஆஹா? கதை என்னன்னு கேளுங்க, முழிப்பாரு. துப்பறியறவன் யாரு, திருடன் யாருன்னு தெரியாது. படிச்சாத்தானே!

இந்த ஆளு மூணு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக்கு வந்தாரு. ரெண்டு மணி நேரம் அண்ணே அண்ணேன்னு உருகினாரு. கடைசில என் புத்தகம் ஒண்ணோட பதினாலாம் பக்கத்த எடுத்து மடில வெச்சுக்கிட்டு, "அண்ணே, இத என் படுக்கைக்கு எதிர்ல மாட்டி, தினம் இதுல முழிப்பேன்"னாரு. கண்ணுல தண்ணி வேற. சும்மாவே குடுத்தேன் மாஸ்டர்! கீழ ஒரு வரி எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன். இப்ப என்னடான்னா, போன மாசம், விற்பனைக்குன்னு போனு போனா படம் சுத்துது. "அரிய பக்கம், இடது மூலையில லேசான கறை." கறையாம்! அது என் டீ!

என்ன தலையாட்டறீங்க? குடுத்தா அவங்களோடதுதானேன்னா? நீங்களுமா! எங்க கூட்டத்துல ஒரு பொண்ணு இருக்கு, இப்பதான் ரெண்டு புத்தகம் போட்டிருக்கு. அதுவும் இதேதான் சொல்லுது. "சார், குடுத்தா குடுத்ததுதான். வாடகைக்கா விட்டீங்க?" எவ்ளோ வாய் பாருங்க. இன்னொருத்தரு, எங்களுக்கெல்லாம் மூத்தவரு, அவரு கெட்டிக்காரரு. வாங்கறவன் பேர மூஞ்சிக்குக் குறுக்கால கொட்டை எழுத்துல எழுதிடுவாரு. "என் அன்புத் தம்பிக்கு"ன்னு கதாநாயகன் மூக்கு மேல! அத எவன் வாங்குவான்? நானும் அப்படிச் செஞ்சிருக்கணும். நமக்குத்தான் மனசு வராதே, படம் கெட்டுடுமேன்னு.

அதவிட வயித்தெரிச்சல் கேளுங்க. நேத்து நான் வெளிய போயிருந்தப்ப அந்தக் கையுறை வீட்டுக்கே வந்துட்டுப் போயிருக்கான். பக்கத்து வீட்டுல சொன்னாங்க. காலைல எழுந்து பாக்கறேன், ஹால்ல மாட்டியிருந்த என் முதல் புத்தகத்தோட அட்டைப்படம் இல்ல. ஆணி மட்டும் நிக்குது! திருட்டுப் பய. வீட்டுலயும் கேக்க முடியல. வீட்டுலதான் பேச்சே இல்லையே.

ஆமா, பேச்சில்ல. இருபத்திமூணு நாளாச்சு. எங்க வீட்டம்மாதான் என் படத்துக்கெல்லாம் எழுத்து எழுதறவங்க, தெரியுமில்ல? அந்த பலூனுக்குள்ள வசனம் இருக்குல்ல, அது பூரா அவங்க கை. இப்ப அங்கயும் வேலைநிறுத்தம். புதுக் கதை பாதில நிக்குது. எல்லாரும் வாயத் தொறந்துட்டு நிக்கறான், பலூன் வெறுமையா இருக்கு. கொலைகாரன் கத்தியத் தூக்கிட்டு என்ன சொல்றான்னு எனக்கே தெரியல.

எல்லாம் அந்தக் கையுறையாலதான். அவன் பேசாம படுக்கைக்கு எதிர்ல மாட்டியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? யாருக்கும் தெரிஞ்சிருக்காது...

ஏன், என்ன? மையா? ஒட்டுதா? கொஞ்சம் தள்ளி வைங்க மாஸ்டர், அது இன்னும் காயல. இல்ல, பழைய பக்கம்தான், ஈரக் காத்துல... சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது. நேத்து ராத்திரி வரைஞ்சதுதான். அச்சான புத்தகத்த அடியில விளக்கு எரியற மேசையில வெச்சு, அதே பதினாலாம் பக்கத்த அப்படியே எடுத்தேன். எழுத்துகூட அவ கை மாதிரியே போட்டிருக்கேன். "பிரஸ்ல கிடைச்சுடுச்சும்மா, அந்தாளு விக்கறது டூப்ளிகேட்டு"ன்னு இன்னிக்கு மாட்டிடலாம்னு.

பிரஸ்ல எதுக்கா? அது... அவகிட்ட அப்படித்தான் சொல்லியிருந்தேன். பிரஸ்காரன் தொலைச்சுட்டான்னு.

பாக்காதீங்க மாஸ்டர் அப்படி. அவளுக்கு மணிக்கட்டுல ஆபரேஷன் ஆச்சு. ஆறு மாசம் பேனாவே தொடல. தொட்டு எழுதின முதல் பக்கம் அது. ஏழு பலூனு, பதினோரு நாளு. ஒரு எழுத்து எழுதிட்டு, கைய மடில வெச்சுட்டு உக்காந்துருப்பா. "இந்தப் பக்கம் எனக்கு"ன்னு அப்பவே சொன்னா. நானும் சரின்னேன். அப்புறம் கையுறை வந்தான், அழுதான், அவ அந்த நேரம் வீட்டுல இல்ல... நமக்கும் யாராவது அழுதா பிடிக்குமில்ல? குடுத்துட்டேன். அவ கேட்டப்ப பிரஸ் மேல போட்டேன். அவ சும்மா இருப்பாளா, நேரா போய் அந்த சூப்பர்வைசரப் பிடிச்சு அந்தக் கத்து கத்தியிருக்கா. பாவம் அந்த மனுஷன் ரெண்டு நாள் மிஷினுக்கு அடியிலல்லாம் படுத்துத் தேடினாராம். போன மாசம் போனுல படத்தப் பாத்ததும், மொத வேலையா அவர்கிட்ட போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்தா. என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. கீழ நான் எழுதிக் குடுத்த வரி இருக்குல்ல... அத விரலால பெருசு பண்ணி என் மூஞ்சிக்கு நேரா காட்டி, "அந்த ஏழும் யாரு கை?"ன்னா. அதோட சரி.

என்ன எழுதினேனா? விடுங்க, அது எதுக்கு இப்ப. ஏதோ ஒரு உற்சாகத்துல... முடிச்சாச்சா? அப்பாடா! அந்த ஜன்னல் மவுண்ட்ட அதோட படத்து மேல வெச்சுத் தூக்கி ஓரமா வைங்க, என்னோடத எடுங்க. சீக்கிரம், அவ வீட்டுக்கு வர்றதுக்குள்ள மாட்டணும்... 

இருங்க.

கொஞ்சம் இருங்க மாஸ்டர். அதத் திருப்புங்க. இந்தப் பக்கம். "யாரது?" ... "நான்தான்." ... "எந்த நான்?"

இது... இது பதினாலாம் பக்கம். இது அவ எழுத்து. பத்து வருஷம் கழிச்சு மகன் வந்து கதவத் தட்டுவான், அம்மா தெறக்க மாட்டா. அந்த "எந்த நான்?" மட்டும் இத்துனூண்டு எழுதியிருப்பா, கதவுக்குப் பின்னாலேருந்து வர்ற மாதிரி. எல்லாரும் அழுதது அதுக்குத்தான். மழைக்கு இல்ல. ரெண்டு நாள் உக்காந்து நான் போட்டேனே மழை, அதுக்கு இல்ல. எனக்குத் தெரியும். நேத்து நானும் அதே அளவுல எழுதிப் பாத்தேன், வரல.

எங்க என் மழை? எங்க கதவு, அந்த அம்மா மூஞ்சி? எல்லாத்தையும் அட்டை மூடிடுச்சே! ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. ஏழு பலூனு. இப்படியா வெட்டச் சொன்னாங்க? எங்க வீட்டம்மாவே வந்தாங்களா? நேத்தா?

ஓ... அப்ப அந்த ஆணி... அட்டைப்படத்த அந்தக் கையுறைகிட்ட குடுத்துட்டு இத வாங்கியிருக்கா.

அந்த அட்டைப்படம் அவளோடதுதான் மாஸ்டர். கல்யாணத்துக்கு முன்னாடி குடுத்தேன். "உனக்கே உனக்கு"ன்னு எழுதிக் குடுத்தேன். வாடகைக்கா விட்டேன்... குடுத்தா குடுத்ததுதான்.

அடியில இன்னொரு ஜன்னல் இருக்கே. நீட்டமா. எட்டாவது. மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கறேன், இருங்க... ம். அதே வரி. "தம்பிக்கு, இந்தப் பக்கத்துல எல்லாமே என் கைதான்." கையெழுத்து. தேதி. நல்லா பளிச்சுன்னு தெரியுது.

எங்க மாட்டப் போறாளாம்? ...என் மேசைக்கு எதிர்லயா?

மாஸ்டர், என்னோட அந்த ஈரப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுடுங்க. ஃபிரேம் வேணாம். இதுல மட்டும்... அந்த எட்டாவது ஜன்னல ஒரு சின்ன அட்டைய வெச்சு...

இல்ல, வேணாம். இருக்கட்டும். அவ சொன்ன மாதிரியே குடுத்துடுங்க.